வாசலில் பான் துப்பிய வண்டி

ஹேமலதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வண்டி ஓட்டும் ஆசை இருந்தது என்று யாராவது சொன்னால் அது பொய். வாந்தி தாங்க முடியாமல்தான் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

ஆம்பூரில் ஷூ தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. அதில் முதல் பதிமூன்று வருடமும் ஒரே மேசை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்குக் கீழே அந்த மேசை கிடக்கும். டேனரியிலிருந்து சாயமேறி வரும் தோல்களை ஒவ்வொன்றாக அதில் விரித்து, எது ஷூவின் மேல்பக்கத்துக்கு ஆகும், எது உள்பக்கத்துக்கு ஆகும், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பிரிப்பாள். உண்ணி கடித்த தழும்பு, முள்கம்பி கிழித்த கோடு, கத்தி தவறிய வெட்டு எல்லாம் விரல் பட்டதும் தெரிந்துவிடும். கறைகளில்தான் அவள் பெயர் வாங்கியிருந்தாள். மற்றவர்கள் ‘ஏதோ கறை’ என்று ஒதுக்கும் தோலை அவள் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பாள். இது கொழுப்பு, இது மிஷின் எண்ணெய், இது மழைத் தண்ணீர் என்று சொல்லிவிட்டு அடுத்த தோலை எடுப்பாள். அவள் சொன்னதை யாரும் இரண்டாவது முறை சோதித்ததில்லை.

பிறகு தொழிற்சாலை அப்பர் தைக்கும் வேலையைச் சுற்றுவட்டார ஊர்களில் இருக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. ஷூவில் அடிப்பாகம் போக மேலே இருப்பதுதான் அப்பர். தைத்த அப்பரை அங்கேயே போய்ப் பார்த்து வாங்கிவர ஆள் வேண்டும் என்று ஹேமலதாவை அனுப்பினார்கள். வாரத்துக்கு மூன்று நாள் பிக்கப் வண்டியில், டிரைவர் முனீர் அகமதுக்குப் பக்கத்து சீட்டில் பயணம். உமராபாத் தாண்டுவதற்குள் அவளுக்குக் குமட்டும். பேரணாம்பட்டு வரும்போது காலையில் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் இருக்காது. எலுமிச்சம்பழம் முகர்ந்து பார்த்தாள், மாத்திரை போட்டாள். மாத்திரை தூக்கத்தைத்தான் கொடுத்தது.

ஒருநாள் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டிய முனீர் அகமது விளையாட்டாகச் சொன்னார்: “வண்டி ஓட்றவனுக்கு வாந்தி வந்து எங்கயாவது பாத்துருக்கியாம்மா? ஸ்டீரிங்கப் புடிச்சவனுக்கு அது வராது.”

அவர் சொன்னதை ஹேமலதா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே கணவன் மதியழகனிடம் விஷயத்தைச் சொன்னாள். மாதனூர் பக்கம் கொஞ்சம் தென்னையும் வாழையும் வைத்துப் பார்த்துவருபவன் அவன். அதிகம் பேசமாட்டான்.

“நீ ஓட்டுனா நான் எங்க உக்காருவேன்?” என்று மட்டும் கேட்டான்.

“பக்கத்துலதான்.”

“அப்ப சரி.”

டிரைவிங் ஸ்கூலில் காரில் பழகினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்றங்கரையில் இருக்கும் வெற்றிடத்தில் முனீர் அகமதுவின் பிக்கப்பை ஓட்டிப் பார்த்தாள். லைசென்ஸ் கைக்கு வந்த வாரம், பேரணாம்பட்டுவரை முழுத் தூரத்தையும் அவளே ஓட்டினாள். வாந்தி வரவில்லை. குமட்டக்கூட இல்லை. சந்தோஷம் தாங்காமல் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். வளைவுகளில் அவள் வேகத்தைக் குறைக்காமல் திருப்பியதில் பக்கத்து சீட்டில் இருந்த முனீர் அகமதுக்குத்தான் தலை சுற்றியது.

முனீர் அகமது பெங்களூரில் இருக்கும் மகனோடு இருக்கப் போனபோது, அவருடைய வண்டியை அவளே வாங்கிக்கொண்டாள். தொழிற்சாலை அப்பர் ஏற்றி இறக்கும் வேலையையும் அவளுக்கே கொடுத்தது. வெள்ளை நிறம், ஒன்பது வருடம் ஓடிய வண்டி. இப்படித்தான் முப்பத்தெட்டாவது வயதில் ஹேமலதா சொந்த வண்டிக்கு டிரைவர் ஆனாள்.

வண்டி மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு ஒருநாள் பேரணாம்பட்டில் ஹலீமா பீ வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

ஹலீமா பீ தன் வீட்டின் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு மிஷின் போட்டு யூனிட் நடத்துபவள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். குரல் பன்னிரண்டு மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அந்த ரம்ஜானுக்குத்தான் வாசல் முழுக்கப் புதிதாக வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தாள். செருப்போடு யாரும் அதில் நடக்கக் கூடாது. சரக்கு ஏற்ற வேண்டும் என்பதால் ஹேமலதாவின் வண்டிக்கு மட்டும் அனுமதி உண்டு.

“ஹேமா, இங்க வா. இன்னாம்மா இது? உன் வண்டி என் வாசல்ல பான் துப்பிட்டுப் போவுது.”

ஹேமலதா குனிந்து பார்த்தாள். வண்டியின் முன்பக்கம், இடது சக்கரத்துக்கு உள்பக்கமாக, வெள்ளை டைல்ஸில் சிவப்பாக மூன்று சொட்டு. ஒவ்வொன்றும் பெரிய பொட்டு அளவு இருந்தது. உண்மையிலேயே யாரோ பான் போட்டுத் துப்பியது போலத்தான் தெரிந்தது. உள்ளே மிஷின்கள் நின்றன. பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து அந்த யூனிட்டில் அதற்கு ‘பான் வண்டி’ என்றே பெயர்.

மறுநாள் காலை ஹேமலதா வண்டியை மின்னூர் பக்கம் பைபாஸில் இருக்கும் அமீர் பாஷாவின் ஷெட்டுக்குக் கொண்டுபோனாள். முப்பது வருடமாக ரிப்பேர் வேலை செய்பவர் அவர். வண்டிக்கு அடியில் படுத்தபடியே அரசியல் பேசுவார். கீழேயிருந்து குரல் மட்டும் வரும்.

“செவப்பா இருக்குது பாரு. ஸ்டீரிங் ஆயில்மா. ஸ்டீரிங்குக்குப் போற ஓஸ் இங்க வளையுதுல்ல, அந்த வளைவுலதான் சொட்டுது. ஓஸ் போய்ட்டுது.”

ஹேமலதாவும் குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். கறுப்பு ரப்பர் ஓஸின் வளைவில் ஒரு சிவப்புத் துளி உருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அமீர் பாஷா ஓஸை மாற்றினார். சுற்றிலும் துடைத்துச் சுத்தமும் செய்து அனுப்பினார்.

இரண்டு நாள் ஒரு சொட்டும் இல்லை. மூன்றாம் நாள் ஹலீமா பீ வாசலில் மறுபடியும் பான்.

அமீர் பாஷா இந்த முறை ஓஸை இறுக்கும் கிளாம்ப்பை மாற்றினார். நான்கு நாள் கழித்து மறுபடியும் ஒழுகியது. புது ஓஸிலேயே குறை இருக்கலாம் என்று அதையும் கழற்றி வேறொன்று போட்டார். அதன் பிறகும் அதே வளைவில் அதே சிவப்புத் துளி தொங்கியது. அமீர் பாஷாவுக்குப் பேஜாராகிவிட்டது. அன்று அவர் அரசியல் பேசவில்லை.

வண்டி ஒழுகுகிறது என்றால் பார்ப்பவர் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும் என்பதை ஹேமலதா அந்த வாரங்களில் கண்டுகொண்டாள். டீக்கடையில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜினின் முன்பக்க சீல் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்றார். பெட்ரோல் பங்க்கில் ஒருவர், ரேடியேட்டரைக் கழற்றி வேலூருக்கு அனுப்பினால்தான் தீரும் என்றார். தொழிற்சாலை வாட்ச்மேன் பிரேக் ஆயில் என்று சொல்லி அவளைப் பயமுறுத்தினார். வீட்டில் மதியழகன் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து நிதானமாக யோசித்தான்.

“இந்த வருஷம் வெய்யில் ஜாஸ்தி. அதுக்கும் வேர்க்குது போல” என்றான்.

ஹேமலதா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி சிந்தியது. அத்தனை கருத்துகளில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

ஒழுகல் பெரிதாக இல்லைதான். ஆனால் ஹலீமா பீ வண்டிக்கு அடியில் வைப்பதற்காகப் பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்றை எடுத்துவைத்திருந்தாள். வண்டி வந்து நின்றதும் யூனிட்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்து பேசினைத் தள்ளுவாள். விருந்தாளிக்குத் தண்ணீர்ச் சொம்பு கொடுப்பது மாதிரி அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஒரு புதன்கிழமை பேசினைத் தள்ளியவள் அவசரத்தில் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டாள். வண்டியில் பெட்டிகளை ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஹேமலதா வண்டியைப் பின்னால் எடுத்தபோது டைல்ஸில் இரண்டு சொட்டு விழுந்து காய்ந்திருந்தன. ஹலீமா பீ ஈரத் துணியோடு வந்தாள்.

வண்டியில் உட்கார்ந்திருந்த ஹேமலதா அந்தச் சொட்டுகளைப் பார்த்தாள். பார்த்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

“ஹலீமாக்கா, தொடைக்காத.”

“ஏன், அழகா இருக்குதா?”

“நில்லுக்கா, ஒரு நிமிஷம்.”

செருப்பைக் கழற்றிவிட்டு டைல்ஸில் முட்டிபோட்டு, முகம் தரையில் படும் அளவுக்குக் குனிந்தாள். காய்ந்த சொட்டைச் சுற்றி மெல்லிய அடர்சிவப்பு வளையம் ஒன்று தெரிந்தது. நடுவில் நிறம் வெளிறியிருந்தது. பதிமூன்று வருடம் ஜன்னலோரம் நின்ற கண்ணுக்கு வேறு சாட்சி தேவையில்லை. தண்ணீரில் கரைந்த சாயம்தான் காயும்போது ஓரத்துக்கு ஒதுங்கி வளையம் கட்டும். எண்ணெய் அப்படிச் செய்யாது. அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும், வளையம் கட்டாது, காயவும் காயாது.

இத்தனை வாரமாக எல்லாரும் நிறத்தைப் பார்த்தார்கள். அவளும் நிறத்தைத்தான் பார்த்திருக்கிறாள். தோல் மேசையில் ஒரு கறையை இப்படி நிறத்தை மட்டும் பார்த்துப் பிரித்திருந்தால் சூப்பர்வைசர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

ஷூவுக்கு உள்ளே வைக்கும் வெள்ளை லைனிங் தோலில் ஒரு துண்டு கேட்டு வாங்கினாள். வண்டிக்கு அடியில் கையை நீட்டி, ஓஸ் வளைவில் தொங்கிய துளியை அதில் ஒற்றினாள். பிறகு பானட்டைத் திறந்து, ஸ்டீரிங் ஆயில் டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த ஆயிலில் ஒரு துளியை அதற்குப் பக்கத்திலேயே வைத்தாள். இரண்டும் சிவப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுகூட நிறத்தில் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. பன்னிரண்டு பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள். ஹலீமா பீ கூட வேலையைப் பார்க்கச் சொல்லவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஹேமலதா அந்தத் துண்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஆயில் துளி இரண்டு மடங்கு பரவியிருந்தது. அந்த இடத்தில் தோல் கண்ணாடித்தாள் மாதிரி ஆகி வெளிச்சம் ஊடுருவியது. வளைவிலிருந்து எடுத்த துளி சின்னதாகவே காய்ந்து, அழகாக ஒரு வளையம் கட்டியிருந்தது.

“இது ஆயில் இல்லக்கா. தண்ணி.”

“செவப்புத் தண்ணியா?”

“இன்ஜின் சூடாவாம இருக்க ரேடியேட்டர்ல ஊத்துவாங்கல்ல, கூலன்ட். முனீர் பாய் பச்ச ஊத்துவாரு. போன சர்வீஸ்ல செவப்பு ஊத்திட்டாங்க. நான்தான் மறந்துட்டேன்.”

ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கூலன்ட் டப்பாவைப் பார்த்தாள். தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. ஸ்டீரிங் ஆயில் டப்பாவில் ஆயில் துளிகூடக் குறையவில்லை. இரண்டு டப்பாவும் ஒரு கை தூரத்தில்தான் இருந்தன. ஹலீமா பீ ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“அப்ப அந்த அமீர் பாஷா ரெண்டு வாட்டி ஓஸ் மாத்துனது?”

“அது நல்ல ஓஸ்க்கா. சும்மா மாத்திட்டாரு.”

மறுநாள் காலை எட்டு மணிக்கே ஹேமலதா ஷெட்டில் நின்றாள். லைனிங் துண்டை நீட்டினாள். அமீர் பாஷா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், விரலால் தேய்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் உடனே ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

“சொட்டறது ஓஸ்ல இருந்துதானம்மா? நீயும் பாத்த, நானும் பாத்தேன். கண்ணு பொய் சொல்லுமா?”

“சொட்டறது அங்கதான் பாய். அது எங்க பொறப்புட்டு அங்க வருதுன்னு யாரும் பாக்கலயே.”

அமீர் பாஷா தாடியைத் தடவினார். பிறகு ஷெட்டுக்குள் போய்த் தண்ணீர் பைப்பை எடுத்து வந்தார். “சரி, பாத்துடலாம் வா” என்றார்.

இருவரும் சேர்ந்து இன்ஜினின் முன்பக்கத்தைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவினார்கள். காற்றுப் பைப்பால் ஈரத்தை ஊதித் துரத்தினார்கள். பன்னிரண்டு வருட அழுக்கு போனதும் உள்ளே இரும்பு புதுசு மாதிரி தெரிந்தது. பிறகு வண்டியை அரைமணி நேரம் ஓடவிட்டு, நன்றாகச் சூடேறியதும் அணைத்தார்கள். அமீர் பாஷா டார்ச் அடித்துப் பார்த்தார். வழவழப்பான இரும்பில் ஈரம் எது, பளபளப்பு எது என்று தெரியவில்லை.

ஹேமலதா பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போய் முகப்பவுடர் டப்பா ஒன்று வாங்கிவந்தாள்.

“இது இன்னாத்துக்கு?” என்றார் அமீர் பாஷா.

“தோல்ல ஈரம் எங்க நிக்குதுன்னு தெரியலன்னா பவுடர் தூவிப் பாப்போம் பாய். காஞ்ச எடத்துல வெள்ளையா நிக்கும். ஈரம் இருந்தா நனஞ்சி காட்டிக் குடுத்துடும்.”

ஃபேன் நன்றாக நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, இன்ஜினின் முன்முகம் முழுக்கப் பவுடரைத் தூவினாள். டீசல் நாற்றம் அடிக்கும் ஷெட்டில் மல்லிகை வாசனை பரவியது. ரோட்டில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“பொண்ணு பாக்க வர்றாங்களா பாய், உங்க வண்டிய?” என்றார் ஒருவர்.

“ஆமா, நீ மாப்ள வூடா?” என்றார் அமீர் பாஷா, தலையைத் தூக்காமலே.

ஹேமலதாவும் அமீர் பாஷாவும் பானட்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெள்ளைப் பவுடரில், நூல் அளவுக்கு ஒரு கோடு மெதுவாக இளஞ்சிவப்பாக மாறியது. ஹேமலதா விரல் படாமல் அதைக் காட்டினாள். கோடு இன்ஜின் முகத்தில் இறங்கி, கீழே குறுக்காக இருக்கும் இரும்புச் சட்டத்தில் ஏறி, சட்டத்தோடு இடதுபக்கம் ஓடி, அந்தச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகும் ஸ்டீரிங் ஓஸில் இறங்கி, ஓஸோடு நடந்து, வளைவில் வந்து உருண்டு நின்றது. இரண்டு முழத் தூரம் வழியெங்கும் சொட்டாமல் வந்து அங்கேதான் சொட்டியது.

“மேல எங்க ஆரம்பிக்குது?” என்று கேட்டார் அமீர் பாஷா. அவர் குரல் தாழ்ந்திருந்தது.

மேலே பெல்ட்டும் சக்கரங்களும் மறைத்தன. ஹேமலதா கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, இன்ஜினுக்குத் தண்ணீரைத் தள்ளும் பம்புக்கு அடியில் சாய்த்துப் பிடித்தாள். அமீர் பாஷா டார்ச்சை அதன் மேல் அடித்தார். கண்ணாடியில் பம்பின் அடிவயிறு தெரிந்தது. அதில் பென்சில் முனை அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டையின் உதட்டில் சிவப்பாக ஒரு முத்து.

“அல்லாவே” என்றார் அமீர் பாஷா.

“பம்பு ஓட்டையாய்டுச்சா பாய்?”

“இல்லம்மா. அது கம்பெனியே வெச்ச ஓட்டை. உள்ள சீல் தேஞ்சா தண்ணி பேரிங்குக்குப் போவாம இது வழியா வெளிய வந்துரும். பம்பு போவப் போவுதுன்னு முன்னாடியே நமக்குச் சொல்றதுக்குன்னே வெச்சது.” டார்ச்சை அணைத்துவிட்டு, “ஒரு மாசமா சொல்லிட்டே இருந்துருக்குது. நான்தான் காது குடுக்கல” என்றார்.

சொல்லிவிட்டு அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வருத்தப்படுகிறார் போலிருக்கிறது என்று ஹேமலதா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். பார்த்தால் அவர் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வாட்டி மாத்துனேனே, அந்த ஓஸு இன்னா பாவம் பண்ணுச்சு? அது பாட்டுக்குச் செவனேன்னு இருந்துச்சு. யாரோ மேல நின்னு அது தலையில எச்சி துப்பிட்டுப் போய்ருக்கான்.”

ஹேமலதாவும் சிரித்தாள். இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அவள் முகத்தில் பவுடர், அவர் தாடியிலும் பவுடர். ரோட்டில் நின்ற இரண்டு பேரும் காரணம் தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள்.

அன்று மதியமே ஆம்பூரிலிருந்து புதுப் பம்பு வந்தது. அமீர் பாஷா மாட்டினார். ஒவ்வொரு போல்ட்டை இறுக்கியதும் ஹேமலதாவைக் கூப்பிட்டுக் காட்டினார். கூலிப் பேச்சை எடுத்தபோது, அந்தப் பேச்சே வேண்டாம், ஓஸுகளுக்குப் பரிகாரம் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வண்டி ஹலீமா பீ வாசலில் போய் நின்றது. ஒருத்தி பழக்கத்தில் பேசினைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். ஹேமலதா அதை வாங்கி ஓரமாக வைத்தாள். பெட்டிகள் ஏறின. ஒரு மணி நேரம் ஆனதும் வண்டியைப் பின்னால் எடுத்தாள். பன்னிரண்டு பேரும் ஹலீமா பீயும் வரிசையாகக் குனிந்து டைல்ஸைப் பார்த்தார்கள். பளிச்சென்று இருந்தது. யாரோ கைதட்டினார்கள். ஹலீமா பீ எல்லாருக்கும் டீ போடச் சொன்னாள். வேலை நேரத்தில் அவள் டீ போடச் சொன்னது அந்த யூனிட்டில் அதுதான் முதல் தடவை என்று அப்புறம் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். அமீர் பாஷா வாயை மூடிக்கொண்டிருந்தால். தன் தோல்வியை இவ்வளவு சந்தோஷமாக ஊரெல்லாம் சொன்ன மனுஷனை ஹேமலதா பார்த்ததில்லை. ஷெட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் ஓஸ் மாற்றிய கதையை அவர் நடித்தே காட்டினார். கண்ணாடியை எடுத்துச் சாய்த்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்துவார். அதிலிருந்து ஹேமலதாவுக்கு அழைப்பு வர ஆரம்பித்தது. ஒரு டிராக்டர், ஒரு பள்ளிக்கூட வேன், இரண்டு ஸ்கூட்டர். எல்லாவற்றையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் நின்ற வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்துவிட்டு, அவசரப்படாமல் உட்கார்ந்திருக்க அவளால் முடிந்தது. அதுவே பாதி வேலை என்றார் அமீர் பாஷா.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

“கல்யாண வேன் ஒண்ணு வந்து நிக்குதும்மா. கொஞ்சம் வந்துட்டுப் போ.”

மதியழகனையும் ஏற்றிக்கொண்டு ஹேமலதா போனாள். ஷெட் வாசலில் பட்டுப்புடவைகளும் தாம்பாளங்களுமாக ஒரு கூட்டம் நின்றது. வாணியம்பாடியிலிருந்து கலவைக்குச் சாயங்கால வரவேற்புக்குப் போகும் மாப்பிள்ளை வீட்டார். வேனின் முன்பக்கத்திலிருந்து தண்ணீர் தாரையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஜெயம்மாள் வேனில் ஏற மறுத்து ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார்.

அமீர் பாஷா ஹேமலதாவைத் தனியாக இழுத்தார். “ஏசி தண்ணி. வந்ததுமே தெரியும். நான் சொன்னா அந்தம்மா நம்ப மாட்டேங்குறாங்க. நீ ஒரு வார்த்த சொல்லு.”

“உங்கள நம்பாதவங்க என்ன எப்படி பாய் நம்புவாங்க?”

“உன் கதைய சொல்லி வெச்சுருக்கேன்.”

ஹேமலதா போய் வேனுக்கு அடியில் கையை நீட்டினாள். உள்ளங்கை நிறையத் தண்ணீரைப் பிடித்து ஜெயம்மாளிடம் கொண்டுவந்தாள்.

“கைய நீட்டுங்கம்மா.”

ஜெயம்மாள் பயந்துகொண்டே நீட்டினார். குளிர்ந்த தண்ணீர் அந்த வெயிலில் அவர் கையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தார். வாசனை இல்லை. விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். பிசுக்கும் இல்லை.

“இன்ஜின்லேந்து வந்தா கை சுடும்மா. ஜில்லுனு இருக்குது பாருங்க. உள்ள இருக்குற ஏசி காத்துல இருந்து எடுத்துக் கீழ விடுற தண்ணி. வெய்யில் ஜாஸ்தி இருந்தா தண்ணியும் ஜாஸ்தியா வரும்.”

“அப்ப வேர்க்குதுன்னு சொல்லு” என்றான் பின்னாலிருந்து மதியழகன். அந்த ஒரு வார்த்தைக்குக் கல்யாணக் கூட்டமே சிரித்தது. ஜெயம்மாள் கையிலிருந்த தண்ணீரை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தார்.

எழுந்தவர் சும்மா போகவில்லை. மூன்று பேரும் வரவேற்புக்கு வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஹேமலதா தன் பழைய சேலையைக் காட்டினாள். அமீர் பாஷா கிரீஸ் படிந்த சட்டையைக் காட்டினார். “சட்டைய மாத்திட்டு வாங்க, எவ்ளோ நேரம் ஆவும்?” என்றார் ஜெயம்மாள். மூன்று பேரும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சட்டையும் சேலையும் மாற்றிக்கொண்டு பிக்கப்பின் முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்து புறப்பட்டார்கள். ஆற்காடு தாண்டிக் கலவைக்குப் போகும் வரை அமீர் பாஷா விட்ட இடத்திலிருந்து அரசியலைத் தொடர்ந்தார்.

மண்டபத்தில் ஜெயம்மாள் ஒவ்வொரு உறவினரிடமும் ஹேமலதாவை அழைத்துப்போய், “இவங்கதான் வண்டிய வழியில காப்பாத்திக் குடுத்தவங்க” என்று அறிமுகப்படுத்தினார். ஏசி தண்ணீர்தான் என்று ஹேமலதா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரும் நேரத்தில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

“நீங்க ஒழுகல் எல்லாம் பாப்பீங்களாமே?”

“வண்டின்னா பாப்பேங்க.”

“எங்க வீட்டு மாடியில மழ பேஞ்சா சமையக்கட்டு மூலையில ஒழுகுது. நாலு கொத்தனாரு பாத்துட்டாங்க. மேல அந்த மூலையில ஒரு வெடிப்பும் இல்ல.”

ஹேமலதா மதியழகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பதைக் காது அசைவதிலிருந்தே அவளால் சொல்ல முடிந்தது. அவள் பாயசத்தை இலையில் வழித்தபடி பெரியவரிடம் கேட்டாள்:

“காஞ்சப்புறம் அந்த மூலையில ஓரம் எப்படி இருக்குதுங்க? கொஞ்சம் பாத்து வெச்சுருக்கீங்களா?”